நரகாசுரனுக்கு வைத்த எண்ணெய்

இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் புக்கிட் ரம்பாய் கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் நரகாசுரன் நாடகம் போட்டார்கள். என் பேத்திதான் பூமாதேவி. வீட்டில் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்த வசனத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டம் வந்தது. அட்டைக் கிரீடம் வைத்த நரகாசுரன் மேடையில் விழுந்து கிடக்கிறான். பேத்தி இரண்டு கைகளையும் தூக்கி, "என் மகன் இறந்த இந்த நாளை மக்கள் எல்லாரும் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும்" என்று வரம் கேட்டாள். மண்டபமே கைதட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னம்மா, கால் வலியா?"

"ஆமா."

கால் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. எண்பதைத் தாண்டிவிட்டால் கால் வலிதான் எதற்கும் உதவும் பொய். உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

உங்களுக்கு என்றால் என் வயதுக்காரர்களுக்கு. முள்கம்பிக்கு உள்ளே தீபாவளி கொண்டாடியவர்களுக்கு. அரிசி மூட்டைக்குக் காவல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்து மலாயா அவசரகாலம் என்பது சரித்திரப் புத்தகத்தில் ஒரு பக்கம், பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். நமக்கு அப்படி மறக்கவில்லை, என்ன செய்வது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாக்காவில் ஜாசினுக்கும் செர்காமுக்கும் நடுவில் இருந்தது. பள்ளிக்கூடம் ஒரே அறை. எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவருக்குத் தீபாவளி வந்தால் போதும், கையும் காலும் சும்மா இருக்காது. தீபாவளிக்கு முதல் நாள் நரகாசுரன் நாடகம் போட்டே ஆக வேண்டும். அவரே எழுதுவார், அவரே கண்ணன் வேஷம் கட்டுவார். பூமாதேவி, ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டும் ஒல்லி மாமா. சேலை கட்டினால் எங்கள் அம்மாக்களைவிட லட்சணமாக இருப்பார். மீசையை மட்டும் எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டே மூன்று மணி நேரமும் அழுவார்.

நரகாசுரன், எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன்.

அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன். பெரியம்மா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே பலகைச் சுவர். அந்தப் பக்கம் பெரியம்மா இருமினால் இந்தப் பக்கம் என் அம்மா, "கசாயம் வைக்கவாக்கா?" என்று கேட்பாள். அதற்கு மேல் என்ன உறவு வேண்டும்? பெரியம்மாவின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. பால் மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துத்தான் மகனை வளர்த்தாள்.

அண்ணன் ஆள் நல்ல உயரம். குரல் ஸ்டோர் வரைக்கும் கேட்கும். பிஸ்கட் டின்னை வெட்டி அவரே கிரீடம் செய்துகொள்வார். கரியைக் குழைத்து மீசை வரைந்து, கொட்டாங்கச்சியில் தோள்பட்டை கட்டிக்கொண்டு அவர் மேடையில் குதித்தால் சின்னப் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைக்கும். முதல் தடவை அவர் செத்து விழுந்ததைப் பார்த்து நான் அலறிய அலறலில் நாடகமே நின்றுவிட்டதாம். அடுத்த வருஷத்திலிருந்து ஓர் ஏற்பாடு செய்தார். செத்து விழுந்ததும் தலையை என் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மட்டும் திறந்து சிமிட்டுவார். அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. நரகாசுரன் சாகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் நான்தான் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

பெரியம்மா அந்தக் கட்டம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு வருஷம் நாடகம் முடிந்ததும் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் வாத்தியாரே, எந்தப் பெத்தவ லா இப்படி வரம் கேப்பா? புள்ள செத்த அன்னைக்கு ஊரெல்லாம் விளக்கேத்தணுமாம். இத எழுதினவன் கண்டிப்பா ஆம்பளதான்."

"உலகத்தோட நன்மைக்காகக் கேட்டாங்கம்மா" என்றார் வாத்தியார்.

"உலகம் கெடக்கு லா. அவளுக்கு என்ன நன்ம?"

வாத்தியார் சிரித்துச் சமாளித்தார்.

தீபாவளி விடியற்காலையில் என் தலை பெரியம்மா கைக்குப் போய்விடும். என் அம்மாவுக்கு எப்போதும் ஒரு கைக்குழந்தை இருக்கும். அதனால் எனக்கு எண்ணெய் தேய்ப்பது பெரியம்மாவின் வேலை. நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சி, பித்தளைக் கிண்ணியில் ஊற்றி எடுத்து வருவாள். அந்தக் கிண்ணியின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். குழாயடியில் ஒரு துவைக்கிற கல். முதலில் அண்ணன் அதில் உட்காருவார், பிறகு நான். உள்ளங்கை நிறைய எண்ணெயை ஏந்தி உச்சியில் சப்பென்று வைப்பாள் பாருங்கள், மூளை வரைக்கும் இறங்கும். வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. எவ்வளவு கழுவினாலும் ரப்பர் பால் வாசம் போகாது. "வலிக்குது பெரியம்மா" என்றால், "வலிச்சாத்தான் தீவாளி" என்பாள்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. தொழிற்சங்கம் என்று கொஞ்சம் வாய் பேசியவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் வாய் பேசியவர்தான். ஒருநாள் காலையில் மரம் வெட்டப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய பால் வாளி இரண்டும் மரத்தடியில் அப்படியே இருந்தன. காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்ட்காரர்களோடு சேர்ந்துவிட்டார் என்று பெரியவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். போலீஸ் வந்து பெரியம்மாவை விசாரித்தது. "எனக்குப் புள்ளையே இல்ல" என்று சொல்லிவிட்டாள். அடித்துக் கேட்டும் அதையேதான் சொன்னாள் என்று அப்பா சொன்னார். அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்க ஆள் வருவதற்கு முன்பே அண்ணன் போய்விட்டதால், போலீஸிடம் அவர் முகம் இல்லை.

அதற்கப்புறம் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே வாசல். வாசலில் காவல், சோதனை. ஒரு பருக்கைச் சோறு வெளியே போகக்கூடாது. காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெளியே இழுக்க வேண்டுமாம். மரம் வெட்டப் போகிற பொம்பளைகள் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய், மத்தியானம் கண் இருட்டத் திரும்பி வருவார்கள். சீனி, உப்பு, எண்ணெய் எல்லாம் அளந்துதான் கிடைத்தது. வேறொரு தோட்டத்தில் யாரோ காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்தது தெரிந்து, லயத்தையே காலி செய்து, கைக்குழந்தையோடு எல்லாரையும் லோரியில் ஏற்றி முகாமில் அடைத்தார்கள். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்றும் பேச்சு. எங்கள் அம்மா பிறந்ததே இந்த மண்ணில்தான். யாராவது கப்பல் என்று பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்படி இருந்தபோதுதான் அந்தத் தீபாவளி வந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் மயானத்துக்கே போய்ப் படைப்பார்கள். சமாதி மேல் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை எல்லாம் வைத்து, காக்காய்க்கு ஒரு பிடி போட்டுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாரும் சாப்பிடுவோம். ஆனால் மயானம் வேலிக்கு வெளியே, காட்டு ஓரத்தில் இருந்தது. சோறு எப்படி வெளியே போகும்? பொம்பளைகள் புலம்பினார்கள். வாத்தியார், "நான் போய்ப் பேசறேன்" என்று கோட்டைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல்லெல்லாம் தெரிந்தது.

"குடும்பத்துக்கு ஒரு இலை. காலையில போய்ப் படைச்சிட்டு வந்துடணும். வெள்ளைக்காரனா இருந்தாலும் நம்ம சாங்கியத்துக்கு மரியாத குடுக்கிறான் லா. சோத்தத் திருப்பிக் கொண்டாற வேணாம், உங்க செத்தவங்களுக்கே வச்சிட்டு வந்துடுங்கன்னு சொல்றான்னா பாத்துக்குங்களேன்."

அப்பா தாடையைத் தடவினார். "ஒரு பருக்க போகக்கூடாதுன்னவன், இலை இலையா வச்சிட்டு வாங்கன்றானா?"

"உனக்கு எதுலயும் சந்தேகம்தான். இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்ற மாதிரிச் சொன்னா அவனுங்களும் மனுசன்தான்."

அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். வாத்தியார் சொன்னால் அதற்கு மேல் பேச மாட்டார். தோட்டமே அந்த வாத்தியாரை அன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நானும் ஆடியிருப்பேன்.

படையலன்று எங்கள் அடுப்பிலும் பெரியம்மா அடுப்பிலும் விடியும் முன்பே நெருப்பு. ரேஷன் அரிசியில் இரண்டு வாரமாக மிச்சம் பிடித்து வைத்திருந்தாள் அம்மா. நான் பெரியம்மா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செர்காமிலிருந்து சைக்கிளில் மீன் விற்க வரும் மலாய்க்காரப் பாக்சிக்கிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் வாங்கிய கருவாடு.

"பெரியப்பாவுக்குக் கருவாடு ஆவாதுன்னு சொன்னீங்களே பெரியம்மா? வாசனை பட்டாலே எழுந்து போயிடுவாருன்னு?"

"செத்தவங்களுக்கு எல்லாம் ஆவும். நீ வாயப் பொத்திக்கிட்டு இரு."

சொல்லிக்கொண்டே கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு போதவில்லை போலிருக்கிறது, ஒரு கல் எடுத்துப் போட்டாள். அந்த நேரம் பார்த்து என் அம்மா உள்ளே வந்தாள்.

"என்னக்கா இது, படையல் சோத்துக்குப் போயி உப்பு பாக்குற?"

படைப்பதற்கு முன் அதில் யாரும் வாய் வைக்கக்கூடாது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் செத்தவர்கள் கேட்கப் போவதில்லை. எனக்கே தெரிந்த விஷயம்.

"கைப்பழக்கம் லா" என்றாள் பெரியம்மா. திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாசலில் காவல்காரர்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, குச்சியால் சோற்றைக் கிண்டி, வெளியே விட்டார்கள். மயானத்தில் ஒரே அழுகையும் சாம்பிராணியுமாக இருந்தது. பெரியம்மா மட்டும் அழவில்லை. புருஷன் சமாதியில் இலை போட்டு, சோற்றைக் குவித்து, குழம்பு ஊற்றினாள். பக்கத்தில் ஒரு புது வேட்டி. அதன் மேல் இன்னொரு இலையைக் கவிழ்த்து, ஈ மொய்க்காமல், காக்காய் கொத்தாமல் இருக்க ஓரத்தில் கல் வைத்தாள். காக்காய்க்குத்தானே படைக்கிறோம், ஏன் மூடுகிறாள் என்று எனக்குக் குழப்பம். கேட்கவில்லை. ஏற்கெனவே வாயைப் பொத்தச் சொல்லியிருந்தாள்.

யாரும் யாருக்கும் சேதி அனுப்பத் தேவையில்லை என்பது இப்போது புரிகிறது. ஐப்பசி அமாவாசை வந்தால் தீபாவளி. முதல் நாள் அப்பா சமாதியில் அம்மா வைக்கும் இலை இருக்கும். சின்ன வயதிலிருந்து அதில்தானே சாப்பிட்டு வளர்ந்தார் அண்ணன்?

மாலையில் ஊரடங்கு என்பதால் நாடகத்தை மத்தியான வெயிலிலேயே போட்டார் வாத்தியார். நரகாசுரன் வேஷத்துக்கு வேறு ஆள். பிஸ்கட் டின் கிரீடம் அவர் தலைக்குப் பெரிதாக இருந்ததால் துணி சுற்றி வைத்திருந்தார். வேர்வையில் கரி மீசை வழிந்து வாய்க்குள் போனது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் செத்து விழுந்தபோது நான் ஆசையோடு முகத்தைப் பார்த்தேன். அவருக்குச் சங்கதி தெரியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார்.

பொழுது சாயும் நேரம். பெரியம்மாவும் அம்மாவும் எங்கள் வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அந்த வருஷம் வெடி வெடிக்கத் தடை. துப்பாக்கிச் சத்தம் எது, வெடிச் சத்தம் எது என்று தெரியாமல் போய்விடுமாம். எங்களுக்கு மத்தாப்பு மட்டும்தான். அப்போது மயானம் பக்கமிருந்து படபடவென்று சத்தம் வந்தது.

"ஐ, வெடி! யாரோ வெடி வாங்கியிருக்காங்க!" என்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். குதித்தோம். நான்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினேன்.

திரும்பி அடுப்படிக்குள் வந்தபோது பெரியம்மாவின் கை முறுக்கு அச்சோடு எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. அம்மாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா..." என்றாள்.

"எண்ணெ காயுது" என்றாள் பெரியம்மா. முறுக்கைப் பிழிந்தாள். ஒரு சுற்றுக்கூடக் கோணவில்லை. மாவு தீரும்வரை பிழிந்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

தீபாவளி அன்று விடிந்தும் விடியாததுமாகப் பெரட்டுக்கு மணி அடித்தார்கள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் திடலில் எல்லாரும் கூட வேண்டும், குழந்தைகள் உட்பட. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய். அதன் மேல் அண்ணன்.

நாடகத்தில் செத்து விழுவதுபோலவேதான் கிடந்தார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கால் மடங்கி. தாடி வளர்ந்திருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இடுப்பில் அந்தப் புது வேட்டி. வரிசையாக நடந்துபோய்ப் பார்க்கச் சொன்னார்கள். என் முறை வந்ததும் நான் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. அவர் கண் ஒன்று பாதி திறந்திருந்தது. இப்போது சிமிட்டுவார், இப்போது சிமிட்டுவார் என்று நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

இன்ஸ்பெக்டர் பேசினார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"செத்தவங்களுக்குன்னு அனுமதி வாங்கி உசுரோட இருக்கிறவனுக்குச் சோறு போட்டிருக்கீங்க. இவன் யாருன்னு தெரிஞ்சா சோறு போட்டது யாருன்னும் தெரியும். சொல்லாட்டி மொத்த லயமும் பதில் சொல்லணும். இவன் இந்தத் தோட்டத்து ஆளா?"

அந்தத் திடலில் அண்ணனைத் தெரியாத ஒரு ஆள் கிடையாது. பூமாதேவி மாமா அங்கே நின்றார். வாத்தியார் நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கிராணி பக்கம் திரும்பினார். கிராணி என்றால் எங்கள் எல்லாருக்கும் கிலி. தொரைக்குக் கோள் சொல்கிறவர், கடுகடுத்த மனிதர். அவர் பிணத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தெரியல சார். நம்ம ஆள் இல்ல" என்றார். அந்த மனிதரை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம்!

கடைசியில் பெரியம்மாவை முன்னால் இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"இது ஒன் மகன்தானேன்னு கேக்கறாரு" என்றார் கிராணி. அவர் பார்வை தரையில் இருந்தது.

பெரியம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கேது மவன்? அன்னைக்கே சொன்னேனே. இது யாரு பெத்த புள்ளையோ, பாவம். நல்ல நாளும் அதுவுமாக் கொண்டாந்து போட்டிருக்கீங்களே, சின்னஞ்சிறுசுங்க பயப்படுது லா. சீக்கிரமா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் அவள் கண்ணையே பார்த்தார். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பிணத்தை எடுக்க லோரி வரும்வரை அது அங்கேயே கிடக்கும், எல்லாரும் போய்த் தீபாவளி கொண்டாடலாம் என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர்களை லயத்தில் வாசலுக்கு வாசல் நிறுத்தினார். எதற்கு என்று அப்பா அப்போதே கண்டுகொண்டார். எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் அழுகிறார்கள் என்று பார்க்க.

லயத்தில் ஒரு வீட்டிலும் சத்தமில்லை. அடுப்பு மூட்டவில்லை. பொம்பளைகள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு போலீஸ்காரன் எதையோ இன்னொருவனிடம் சொல்லி எங்கள் பக்கம் கையைக் காட்டினான். அப்போதுதான் பெரியம்மா வாசலுக்கு வந்து கத்தினாள்.

"என்ன எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க? இன்னைக்குத் தீவாளி லா! வெளக்கேத்துங்க. அடுப்ப மூட்டுங்க. புள்ளைங்களுக்கு மத்தாப்பக் கொளுத்திக் குடுங்க!"

சொல்லிவிட்டு அவளே தன் வாசலில் அகல் விளக்கு ஏற்றினாள். ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கியது. சட்டிகள் உருண்டன. யாரோ வலுக்கட்டாயமாகச் சிரித்தார்கள். கோடி வீட்டு அத்தை மட்டும், "கல்லு நெஞ்சுக்காரி, பெத்த வயிறா அது" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பெரியம்மா கிண்ணியை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"வா பாப்பா. எண்ணெ வைக்க நேரமாச்சு."

குழாயடிக் கல்லில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வேலி வாசல் நேரே தெரியும், தார்ப்பாய் தெரியும். சப்பென்று விழப்போகும் கைக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அது விழவில்லை. ஏதோ எலும்பு எலும்பாக, மெதுவாக, என் உச்சியைத் தொட்டுத் தொட்டுப் போனது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பெரியம்மா கையைத் திருப்பிப் புறங்கையை எண்ணெயில் நனைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சீயக்காயையும் அதேபோல் புறங்கையால் எடுத்து வைத்தாள். அவள் என் தலையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

இடுப்பில் குழந்தையோடு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! பொணத்துக்கு வைக்கிற மாதிரி எம்புள்ளைக்கு வைக்கிறியே!"

கத்தியிருப்பாள். போலீஸ்காரன் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பாடை கட்டும் முன்பு குளிப்பாட்டுகிறபோது சொந்தக்காரர்கள் புறங்கையால்தான் எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள். உள்ளங்கை உயிரோடு இருப்பவர்களுக்கு. அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கிண்ணி உருண்டு எண்ணெய் முழுவதும் மண்ணில் போனது.

"கைப்பழக்கம் லா" என்றாள் பெரியம்மா, யாரிடமோ சொல்வதுபோல.

அம்மா பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக என் தலையில் கொட்டினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்படியும் மனசு ஆறவில்லை. பெரியம்மா அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்து வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முறுக்குக் கொடுத்தாள். என்னைப் போக விடவில்லை. மத்தியானம் லோரி வந்து அண்ணனை எடுத்துக்கொண்டு போனது. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

லயம் தப்பித்தது. யாரையும் முகாமுக்குக் கொண்டுபோகவில்லை.

அதற்குப் பிறகு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். கசாயம் வைக்கவா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மறு வருஷம் பெரியம்மா மலாக்கா டவுனுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டிக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டோம். அங்கேயே இறந்தும் போனாள். சேதி வந்தபோது அம்மா போகவில்லை. வாத்தியார் அதற்கப்புறம் நாடகம் போடவே இல்லை. ஒருநாள் அப்பாவிடம் வந்து உட்கார்ந்து, "அந்த வெள்ளைக்காரன் ஆள் புடிக்கத்தான் சிரிச்சுக்கிட்டே சரின்னான். நான் இங்கிலீஷ் நல்லாப் பேசினேன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அப்பா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வருஷங்கள் ஓடி, அப்பா போனார். குளிப்பாட்டும்போது மகள் முறைக்கு என்னை அழைத்து எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார்கள். "பொறங்கையால வைம்மா" என்றது ஒரு குரல். கையைத் திருப்பி அப்பாவின் நெற்றிக்கு மேலே வைத்தேன். அந்த நொடியில் என் உச்சியில் எலும்பு எலும்பாகத் தொட்டுப்போன அந்தக் கை திரும்பி வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பத்தடி தூரத்தில் கிடந்தவனைத் தொடக்கூட முடியாதவள், அவனுக்கு எண்ணெய் வைத்துவிட வேண்டும் என்று என் தலையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டாள். ஊரே தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளும் நாளில் அவள் வைத்த எண்ணெய் எந்தப் போலீஸ்காரன் கண்ணில் படும்? ஊரெல்லாம் விளக்கு எரிந்தால் செத்தவன் தலைமாட்டுக்கு அவள் ஏற்றிய விளக்கு எது என்று யாருக்குத் தெரியும்? பூமாதேவி ஏன் அந்த வரத்தைக் கேட்டாள் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். உலகமும் இல்லை, நன்மையும் இல்லை.

கருமாதி எல்லாம் முடிந்த பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, பெரியம்மா அன்னைக்கு எனக்குச் சாபம் விடலம்மா. அண்ணனுக்குத்தான் வச்சாங்க."

அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் லா. அப்பவே தெரியும்."

"பின்ன ஏம்மா சாகிற வரைக்கும் அவங்ககூடப் பேசல?"

அம்மா வெற்றிலையை மடித்தாள். வாயில் போடவில்லை.

"எம்புள்ள தலையிலதானே வச்சா" என்றாள்.

இரண்டு பேருமே பெற்றவர்கள்.

இந்தத் தீபாவளி அன்று காலையில் பேத்தி எண்ணெய்க்கு வந்து உட்கார்ந்தாள். "நான் நல்லா நடிச்சேனா பாட்டி? நீங்க பாதியிலேயே போயிட்டீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நல்லா நடிச்சே, வரம் கேட்கிறபோது மட்டும் அவ்வளவு சத்தமாகக் கேட்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. அவள் வயது ஒன்பது. எனக்கும் அப்போது ஒன்பதுதான்.

புறங்கை எண்ணெய் பட்ட என் தலை இது. பஞ்சாய் நரைத்துவிட்டது. மற்றபடி அதற்கு ஒன்றும் ஆகவில்லை பெரியம்மா.

உள்ளங்கை நிறைய எண்ணெயை எடுத்துப் பேத்தியின் உச்சியில் சப்பென்று வைத்தேன்.

"வலிக்குது பாட்டி!"

"வலிக்கட்டும் லா" என்றேன்.